குடவோலை முதல் ராங்க் பட்டியல் வரை: ஊர் வேலை யாருக்கு?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. கடை திறந்து விளக்கேற்றிய கையோடு, எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு அம்மா வந்து நின்றார். பல வருஷமாக எங்கள் கடையில்தான் அரிசி, பருப்பு வாங்குகிறவர். "ஐயா, எம்பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. பஞ்சாயத்துல ஆள் எடுக்கப் போறாங்கன்னு பேச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச மெம்பர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று இரவே, கடையடைக்கும் நேரத்தில், அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழும் என் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, எங்க கவுண்டியில தேர்தல் வருது. ஆளுக்கு ஓட்டுப் போடறது சரி, புரியுது. ஓட்டுச்சீட்டுக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கு. கவுண்டி ஊழியர்களுக்கு சிவில் சர்வீஸ் முறை ஏற்படுத்தலாமா, வேண்டாமான்னு. நீங்கதான் பழைய கல்வெட்டு, சட்டம்னு படிக்கிறவராச்சே. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா?" என்று கேட்டான்.

படுத்த பிறகு யோசித்தால், காலையில் வந்த கேள்வியும் இரவு வந்த கேள்வியும் ஒன்றாகவே பட்டன. ஊர்ப் பணத்தில் சம்பளம் வாங்கும் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? அதை முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விக்கு நம் முன்னோரும் பிறரும் கண்ட விடைகளை, நம் சங்க மலரைப் படிக்கும் குடும்பங்களுக்காக எனக்குத் தெரிந்த அளவில் தொகுத்துத் தருகிறேன்.

கவுண்டி என்பது என்ன?

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவு கவுண்டி. நம்முடைய மாவட்டம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம் கலெக்டரை அரசு அனுப்புகிறது. அங்கே பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரீப், வரி மதிப்பீட்டாளர், கணக்கர் முதலான பல பதவிகளுக்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அப்படி ஜெயித்து வருபவருக்குக் கீழே குமாஸ்தா, சாலைப் பணியாளர், சிறைக் காவலர் என்று ஏராளமானவர்கள் இருப்பார்கள். இவர்களை யார் வேலைக்கு வைப்பது, யார் நீக்குவது என்பதுதான் வழக்கு.

சிவில் சர்வீஸ் முறை என்று ஓட்டுக்கு விடப்படும் தீர்மானங்களின் சாரம் பெரும்பாலும் இதுதான். கட்சி சாராத ஒரு சிறு ஆணையம் அமைப்பது. வேலைகளைத் தரம் பிரித்து, பரீட்சை வைத்து, தேறியவர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது. பட்டியலின் தலைமாட்டில் இருப்பவர்களிலிருந்தே ஆள் எடுப்பது. சில மாதங்கள் தகுதிகாண் பருவம் வைப்பது. அதன்பின் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் ஆணையத்திடம் முறையிடலாம். ஊழியர் கட்சி வேலை பார்க்கக் கூடாது. கட்சிக்கு நிதி கொடு என்று அவரை யாரும் நெருக்கவும் கூடாது.

ஒரு குண்டும் ஒரு சட்டமும்

இந்த ஏற்பாடு அங்கே சும்மா வரவில்லை. 1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியான காலம் முதல், தேர்தலில் ஜெயித்த கட்சிக்கே அரசு வேலை எல்லாம் என்ற வழக்கம் வேரூன்றியது. போரில் வென்றவன் கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதுபோல வேலைகளைப் பங்கிட்டார்கள். தபால்காரர் வரைக்கும் ஆள் மாறும். 1881 ஜூலையில், தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அவர் செப்டம்பரில் இறந்துபோனார். நாடே அதிர்ந்தது. 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்து, மத்திய அரசு வேலைகளில் ஒரு பகுதிக்குப் பரீட்சை வந்தது.

மத்தியில் வந்தது ஊருக்கு வரப் பல காலம் பிடித்தது. 1895-இல் சிகாகோ நகர மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் நகரத்துக்கு இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள். 1912 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மக்கள் தங்கள் கவுண்டிக்கென்று ஒரு சாசனத்தை ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். அது 1913 ஜூனில் அமலுக்கு வந்தது. சிவில் சர்வீஸ் ஆணையமும் அந்தச் சாசனத்துக்குள்ளேயே இருந்தது. இன்றைக்கும் அந்த முறை இல்லாத கவுண்டிகள் உண்டு. என் அக்கா மகன் கையிலிருந்த சீட்டு அந்த நீண்ட கதையின் ஒரு பக்கம் என்க.

நம் கல்வெட்டு சொல்வது

நம் ஊருக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்த வந்தவாசிப் பக்கத்திலிருந்து உத்தரமேரூர் தொலைவில்லை. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல், வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். முப்பது குடும்புகள், தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது, வயது 35-க்கு மேல் 70-க்குள், முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்தும் கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அது வாரிய உறுப்பினரைப் பற்றியதன்று. கணக்கு எழுதும் ஊழியரைப் பற்றியது. நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவரே ஊர்க் கணக்கு எழுத வேண்டும். எழுதியவர் தம் காலத்துக் கணக்கைக் கணக்கு வாரியத்துப் பெருமக்களிடம் ஒப்படைத்து, சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகே அவரை மறுபடி அந்த வேலைக்கு வைக்கலாம். அதாவது, வாரியத்தார் வருஷாவருஷம் மாறினாலும், கணக்கருக்கு என்று தனியாக ஒரு தகுதி, தனியாக ஒரு தணிக்கை. ஊர் ஊழியர் முறைக்கு இதைவிடப் பழைய சான்று வேறு எங்கே தேடுவது?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவனுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. முறை நல்லது, ஆனால் வாசல் குறுகலானது. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய வரிசையும் பார்க்கத்தக்கது. 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந் தழால். முதலில் ஆளைச் சோதித்துத் தெளி, பிறகு வேலையைக் கொடு, அதற்குப் பிறகு உறவினரை அணைத்துக்கொள் என்பதாக நான் கொள்கிறேன். நாம் பல சமயம் 53-ஐ முதலில் வைத்துவிடுகிறோம். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

கர்ணம் வீட்டுத் திண்ணை

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் நிலக் கணக்கு முழுவதும் கர்ணம் வீட்டில்தான் இருக்கும். பட்டா, அடங்கல் எதுவானாலும் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அப்பா கர்ணம் என்றால் பிள்ளை கர்ணம். 1895-ஆம் வருஷத்துச் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. நல்ல கர்ணமும் இருந்தார், அல்லாதவரும் இருந்தார். எப்படி இருந்தாலும் ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் பரீட்சையும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு. வம்சம் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்றது. 1960 டிசம்பரில், ஆந்திரத்திலிருந்து வந்த காஜுல தசரத ராமராவ் வழக்கில், கிராமப் பதவியும் அரசுப் பதவிதான், வாரிசு என்பதற்காக மட்டும் முன்னுரிமை கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் போயின. 1981-இல் அது சட்டமானது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கர்ணமும் மணியமும் இருந்த இடத்துக்கு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று அந்த வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சை எழுத வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளையும், எந்தச் சாதிப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க் கணக்கைப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

லஞ்சம் ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பரீட்சை யார் உள்ளே வருவது என்பதைத்தான் சரிசெய்யும். வந்தவர் எப்படி நடக்கிறார் என்பதற்கு உத்தரமேரூர்க்காரர் சொன்ன அந்த இரண்டாவது காரியம், கணக்குக் கேட்பது, தனியாக வேண்டும்.

திருவிதாங்கூரில் கேட்ட குரல்

நாம் வாழும் இந்த மண்ணின் கதை இன்னும் சுவையானது. கொஞ்சம் நமக்கு உறைக்கக் கூடியதும்கூட. பள்ளிவாசல், தேவிகுளம் எல்லாம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1891-இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் மலையாளி மெமோரியல் என்ற விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரிய உத்தியோகமெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களுக்கே போகிறது என்பது அவர்கள் முறையீடு. அந்த வெளியார் யார்? பெரும்பாலும் தமிழ் பேசிய பிராமண அதிகாரிகள்! 1896-இல் டாக்டர் பல்புவின் முயற்சியில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியல் வந்தது. வைத்தியம் படித்தும் சொந்த சமஸ்தானத்தில் வேலை கிடைக்காமல் மைசூருக்குப் போய் உத்தியோகம் பார்த்தவர் அவர்.

1930-களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்துக்குப் பிறகுதான் சமஸ்தானம் இறங்கி வந்தது. டாக்டர் நோக்ஸ் என்பவரைப் பொதுப்பணி ஆணையராக நியமித்தார்கள்; ஆள் எடுப்பதற்கு விதிகளும் வந்தன. 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி ஆணையமாகி, 1956 நவம்பர் 1 முதல் கேரள பி.எஸ்.சி. ஆயிற்று. சென்னை மாகாணமோ 1929-லேயே தனிச் சட்டம் போட்டு, மாகாணங்களில் முதலாவதாகத் தேர்வாணையம் அமைத்துவிட்டது.

ஆக, அமெரிக்காவில் கட்சி அடைத்த வாசலை இங்கே சாதியும் வம்சமும் அடைத்திருந்தன. அங்கே ஓட்டு திறந்தது. இங்கே கையெழுத்து விண்ணப்பமும் போராட்டமும் திறந்தன. இதனால்தான் நம் நாட்டில் பரீட்சையோடு இடஒதுக்கீடும் சேர்ந்தே வந்தது. வாசலைத் திறப்பது ஒன்று. வாசல் வரை நடந்து வரப் பாதை போடுவது இன்னொன்று.

பள்ளிவாசல் பஞ்சாயத்து ஆபீஸில்

1940-இல் கேரள மண்ணின் முதல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய ஊர் இது. இன்றும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மலை. பஞ்சாயத்து மெம்பரை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். ஆனால் செயலாளர், குமாஸ்தா ஆகியோரை மெம்பரோ பிரசிடெண்டோ நியமிப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 320-ஆம் பிரிவு அரசு வேலைக்குத் தேர்வு நடத்தும் கடமையை ஆணையத்துக்குக் கொடுக்கிறது. உள்ளாட்சி ஊழியர் தேர்வையும் சட்டம் போட்டு ஆணையத்திடம் விடலாம் என்கிறது 321. கேரளத்தில் அப்படியே நடக்கிறது. 1994-ஆம் வருஷத்துக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி செயலாளர் அரசு நியமிக்கும் அதிகாரி. 2022-இல் பஞ்சாயத்து, நகராட்சி, ஊரக வளர்ச்சி, நகர–ஊரமைப்பு, பொறியியல் என்று பிரிந்து கிடந்த ஐந்து பிரிவுகளை ஒரே உள்ளாட்சித் துறையாக்கிப் பொதுப்பணி முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கவுண்டி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவருவதை, இங்கே மாநிலம் முழுவதற்கும் சட்டமும் விதியும் கொண்டுவந்துவிட்டன.

இதனால் ஒரு சங்கடமும் உண்டு. திருவனந்தபுரத்துக்காரர், கொல்லத்துக்காரர் ராங்க் பட்டியலில் தேறி நம் மலைக்கு வருகிறார். குளிரும் மழையும் பிடிக்காமல் எப்போது மாற்றல் வரும் என்று பார்த்திருப்பார். லயத்திலிருந்து வரும் பாட்டி தமிழில் கேட்பாள்; அவருக்குப் புரியாது. பக்கத்தில் நிற்கும் யாரோ மொழிபெயர்க்க, அந்த யாரோ ஒரு புரோக்கர் ஆகிவிடுவார். பரீட்சையில் தேறியவர்தான், ஆனாலும் பாட்டியின் வேலை நடக்கவில்லை.

இதற்கு விடை பரீட்சையை ஒதுக்குவதன்று. பரீட்சைக்குள்ளேயே தமிழைக் கொண்டுவருவது. அதற்கு வழியும் இருக்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த குமாஸ்தா என்றே பி.எஸ்.சி. தனியாக அறிவிப்பு வெளியிடுவது உண்டு. கீழ்நிலைப் பதவித் தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் கேட்டு எழுத இடம் உண்டு. 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழர் அரசுக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதலாம். இதையெல்லாம் கேட்டு வாங்குவதற்கு ஆளில்லாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

எதிர்வாதமும் கேட்போம்

பரீட்சை முறை வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளக் கூடாது. ஒன்று, மனப்பாடம் செய்தவன் ஜெயிப்பான். ஏழையிடம் நயமாகப் பேசத் தெரிந்தவன் தோற்பான். இரண்டு, உள்ளே வந்தவரை அசைக்க முடியாது. வேலை செய்யாவிட்டாலும் சம்பளம். மூன்று, மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு நாளைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இருக்கிறது, ஆனால் ஆள் வைக்கும் அதிகாரம் இல்லை. மூன்றும் உண்மைதான்.

அதற்கு மறுபக்கம் என் வீட்டிலேயே நடந்தது. பல வருஷத்துக்கு முன்னால் என் தம்பி மகனுக்கு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, ஒரு ஆபீஸில் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தேன். பரீட்சை இல்லை, பட்டியல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. "பெரியப்பா வாங்கிக் கொடுத்த வேலை" என்று அவனும் சொல்லித் திரிந்தான். நிரந்தரமாகிவிடும் என்று நம்பிப் பரீட்சை எதுவும் எழுதவில்லை. சிபாரிசு செய்தவர் போனார். வேறு ஆள் வந்தார். அவர் தம் ஆளை வைத்துக்கொண்டார். இவன் வெளியே வந்தபோது பி.எஸ்.சி. வயது வரம்பு தாண்டிவிட்டது. கொல்லைப்புற வழியாக வந்தவருக்கு நிரந்தர உரிமை இல்லை என்று 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். அவன் இன்று என் கடையில் கணக்கு எழுதுகிறான். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு வலி.

கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். என் கடைத் தராசையும் படிக்கல்லையும் எடையளவுத் துறையார் வந்து சோதித்து முத்திரை போடுகிறார்கள். "நான் நேர்மையானவன், என் கல் போதும்" என்று நான் சொன்னால் நடக்குமா? முத்திரையிட்ட கல்லும் தேய்வது உண்டு; அதனால்தான் மறுபடி மறுபடி சோதிக்கிறார்கள். கல் தேய்கிறதே என்று கையால் தூக்கிப் பார்த்து எடை போட யாரும் ஒப்ப மாட்டார்கள்.

சொன்ன பதில்கள்

அக்கா மகனுக்கு நான் சொன்னது இது: "ஆமான்னு போடலாம்ப்பா. ஆனா மூணு காரியம் படிச்சுப் பார்த்துட்டுப் போடு. ஆணையத்துக்கு ஆள் போடறது யாரு? ஒரே கட்சி கையில இருந்தா பிரயோஜனம் இல்ல. தகுதிகாண் காலமும், வேலை செய்யாதவரை விசாரிச்சு நீக்கற வழியும் தெளிவா இருக்கா? தற்காலிகம், விதிவிலக்குன்னு எத்தனை ஓட்டை வெச்சிருக்காங்க? ஓட்டை பெரிசா இருந்தா மூட்டையில ஒண்ணும் நிக்காது." படித்துவிட்டுப் போடுவதாகச் சொன்னான். என்ன போட்டான் என்று நான் கேட்கவில்லை. அது அவன் உரிமை.

மறுவாரம் அந்த அம்மா வந்தபோது, மெம்பரிடம் சொல்ல மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். முகம் வாடிப் போயிற்று. உட்கார வைத்து என் தம்பி மகனையே கூப்பிட்டு அவன் கதையைச் சொல்லச் சொன்னேன். பிறகு பெண்ணை அழைத்துவரச் செய்து, கணினி மையத்தில் பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவைச் செய்தோம்.

நம் குடும்பங்களுக்கும் அதையே சொல்கிறேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனவுடன் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான பதவிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 36 வயது வரைதான். பிற்பட்டோருக்கு 39, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 41. ராங்க் பட்டியலுக்கும் ஆயுள் உண்டு. அதிகபட்சம் சாதாரணமாக மூன்று வருஷம். ஆகவே ஒரு பட்டியலை நம்பி உட்கார்ந்துவிடாமல் அடுத்த தேர்வுக்கும் எழுத வேண்டும். தமிழை விடாதீர்கள், மலையாளத்தையும் விரோதம் பாராட்டாமல் படிக்க வையுங்கள். இரண்டும் தெரிந்த பிள்ளை நம் பாட்டிக்கும் பதில் சொல்வாள், மேலதிகாரிக்கும் பதில் சொல்வாள். நம் சங்கமும் வருஷம் ஒரு விழாவோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்த முன்வர வேண்டும். கடை மாடியில் இடம் தர நான் தயார்.

அந்தப் பெண் இப்போது மாலையில் எங்கள் கடை விளக்கடியில் மலையாள இலக்கணம் படிக்கிறாள். சந்தேகம் கேட்டால் சொல்லித் தருபவன் என் தம்பி மகன். அவனுக்கு வயது தாண்டிப் போன வாசல், அவளுக்குத் திறந்தே இருக்கிறது.